ஏழாவது படம்

ஒரே கேமராவை அக்காவும் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கினால் வீட்டில் என்ன கூத்து நடக்கும் என்று யாராவது அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் கேட்டிருப்பார்களா என்ன! மூடப்போகிற ஒரு ஸ்டூடியோவின் அலமாரியில் அது உட்கார்ந்திருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு லென்ஸ், ஓரத்தில் தோல் உரிந்த கறுப்புப் பெட்டி, கழுத்தில் மாட்ட ஒரு பட்டை. தம்பி அதைக் கவிழ்த்து எங்கெங்கே திருகு இருக்கிறது என்று பார்த்தான். அக்கா லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. இருந்தும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

தம்பிக்கு வீட்டில் பெயர் நட்டு. சின்ன வயதில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் போட்டதால் அம்மா வைத்த பெயர். அப்படிப்பட்டவன் வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆகாமல் வேறு என்ன ஆவான்? அக்கா மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். அவனுக்கு முப்பத்தெட்டு, அவளுக்கு நாற்பத்துமூன்று. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால் அம்மா, “உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டுவிடுவாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, மூன்று பேர், நான்காவதாக இந்தக் கேமரா.

லென்ஸைக் கழற்றி ஒட்டியிருந்த பூஞ்சையை அக்கா துடைத்தாள். ஷட்டரைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கை நட்டு எடுத்தான். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகு மிஞ்சியது. “இது எதுக்குன்னே தெரியல, ஆனா வேலை செய்யுது” என்றான். “உன் லிஃப்ட்டுல ஏற மாட்டேன்டா சாமி” என்றாள் அக்கா.

இந்த மாதிரிக் கேமராவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றுக்கு மேலே பிடித்துக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். உள்ளே உள்ளங்கைகூட நிறையாத ஒரு தேய்த்த கண்ணாடி. அதில் தெரு வந்து விழும். சும்மா கண்ணால் பார்க்கிற தெருவைவிட அது எப்படியோ அழகாக இருக்கும், ஏன் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். கண்ணாடியில் நாய் வலப்பக்கம் போகிறதே என்று கேமராவை வலப்பக்கம் திருப்பினால் நாய் சட்டென்று காணாமல் போய்விடும். முதல் மாதம் முழுவதும் நட்டு நாயே இல்லாத தெருக்களாக எடுத்துத் தள்ளினான்.

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு மூன்றே மூன்று படத்தோடு வீடு திரும்புவார்கள். அக்கா ஒரு சுவருக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்பாள், வெயில் நகரட்டும் என்று. நட்டு பக்கத்தில் நின்று கொட்டாவி விடுவான். ஆனால் குளியலறையில் விளக்கை அணைத்து, கதவடியில் துண்டைத் திணித்து, அக்கா ஃபிலிமைக் கழுவி வெளியே கொண்டுவந்து துணிக்கொடியில் தொங்கவிட்டாள் என்றால் அவனுக்குத் தலைகால் புரியாது. தீப்பெட்டியைவிடப் பெரிய நெகட்டிவ். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தெருக்கோடியில் நிற்கிறவனுடைய சட்டைப் பித்தானில் நூல் தெரியும். “அக்கா, இங்க பாரு, இங்க பாரு” என்று வீட்டையே இரண்டாக்குவான்.

சண்டை எதில் வந்தது என்றால், ஃபிலிமைச் சுற்றுவதில்.

இந்தக் கேமராவில் படம் எடுப்பது ஒரு வேலை, ஃபிலிமை அடுத்த எண்ணுக்குச் சுற்றுவது இன்னொரு வேலை. பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருகினால், முதுகில் இருக்கிற சின்னச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் தெரியும். சுற்ற மறந்துவிட்டு மறுபடி அமுக்கினால் கேமரா ஒன்றும் சொல்லாது. ஒரு படத்தின் மேலேயே இன்னொரு படம் விழுந்துவிடும், இரண்டும் போச்சு. நட்டு எடுத்த கையோடு சுற்றிவிடுவான். இயந்திரத்தை எப்போதும் அடுத்த வேலைக்குத் தயாராக விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவன் தொழில் புத்தி. அக்கா எடுப்பதற்கு முன்னால்தான் சுற்றுவாள். முன்பே சுற்றி வைத்தால் ஃபிலிம் வளைந்துபோகும், ஓரம் கூர்மையாக வராது என்பது அவள் வாதம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கேமரா ஒன்றாக இருப்பதுதான் தகராறு.

ஒரு முறை அக்கா எடுத்துவிட்டுச் சுற்றாமல் வைத்ததை, சுற்றியாகிவிட்டது என்று நினைத்து நட்டு எடுத்தான். அவன் ஒரு மாதமாகக் காத்திருந்து எடுத்த படம், பழைய பாலத்தின் அடியில் மீன் பிடிக்கிற ஆள், அவர் தலைமேல் அக்காவின் காய்கறிக் கூடை வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். “அறிவிருக்கா உனக்கு? அடுத்தவன் எடுத்ததக் கெடுத்துட்டு நிக்கிறியே!” என்று கத்தினான். மூன்று வாரம் அக்காவிடம் பேசவில்லை. அம்மா நடுவில் தூதுபோய்ச் சலித்துப்போனாள். கடைசியில் நட்டுவே பட்டறையிலிருந்து ஒரு பச்சை ரப்பர் வளையம் கொண்டுவந்து சட்டம் போட்டான். எடுத்துவிட்டுச் சுற்றாமல் வைத்தால் குமிழில் வளையத்தை மாட்டி வைக்க வேண்டும். வளையம் இருந்தால் சுற்றிக்கொண்டு எடு, வளையம் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடு. அவன் எப்போதும் சுற்றிவிடுகிறவன் என்பதால் அந்த வளையம் அக்காவுக்கு மட்டும்தான். அவளும் மாட்டினாள், முணுமுணுத்துக்கொண்டே. அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒரு படம்கூடக் கெடவில்லை.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் குடித்த தேநீர் வாயோரமாக வழிந்தது. முகவாதம். மற்றதெல்லாம் சரியாயிற்று, வாய் மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வந்தவர்கள் நேரம் கேட்பதை விட்டுவிட்டு வாயையே பார்த்தார்கள். ஒரு குழந்தை அதுபோலச் செய்து காட்டியதாம், அதன் அம்மா சிரித்தாளாம். மறுநாளே எழுதிக் கொடுத்து உள்ளறைக்கு வேலை மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து பெற்ற பிள்ளைகளிடம் சிரிக்கும்போதுகூடக் கையால் வாயை மறைத்துக்கொள்வாள்.

படம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. கேமரா மூடி திறக்கிற சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய்விடுவாள். பழைய ஆல்பம் வெள்ளம் வந்த வருஷம் தண்ணீரோடு போயிற்று. மிச்சம் இருந்தது வேலை அட்டையில் இருக்கிற ஒரு முகம், அதிலும் மூக்கின் மேல் முத்திரை குத்தியிருந்தது. ஊரில் இருக்கிற சுவரையெல்லாம் எடுக்கிறார்கள், பெற்றவளுடைய முகம் ஒன்று இல்லை. இது இரண்டு பேருக்கும் உள்ளூர உறுத்திக்கொண்டேதான் இருந்தது. “ஒண்ணே ஒண்ணும்மா” என்று நட்டு கெஞ்சாத மாதம் இல்லை. “போடா, கேமரா ஒடைஞ்சுடும்” என்பாள் அம்மா.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நட்டு வேலையிலிருந்து சீக்கிரம் வந்தான். எதிர்க் கட்டிடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டு, முழுச் சுவரும் வெயிலில் பளீரென்று நின்றது. விட மனசு வருமா? மேஜைமேல் இருந்த கேமராவைத் தாவி எடுத்தான். குமிழைப் பார்த்தான், வளையம் இல்லை. ஜன்னலில் நின்று குனிந்து, கண்ணாடியில் அந்த இரண்டு பேரும் சரியான இடத்துக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினான். அந்த ஷட்டர் சத்தம் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும், யாரோ நாக்கைச் சொடுக்குவதுபோல் மெதுவாக ஒரு சத்தம். வழக்கம்போல அடுத்த எண்ணுக்குச் சுற்றினான். என்ன எண் என்று மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா உள்ளேயிருந்து, “தேநீர் ஆறுது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்துபோயிற்று. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றுகொண்டிருந்த நட்டுவிடம் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். அதில் அம்மாவின் கண்ணாடி, ஒரு கைக்குட்டை, பின்னலிலிருந்து கழற்றிய பச்சை ரப்பர் வளையம். நம் வளையமாச்சே என்று மட்டும் நினைத்தான். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் எல்லாம் ஆகி, வந்தவர்களும் போன பிறகு, வீட்டில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். நட்டு தேம்பித் தேம்பி அழுதான். “ஒரு படம்கூட இல்லையேக்கா. இன்னும் ரெண்டு வருஷத்துல அம்மா மூஞ்சி எனக்கு மறந்துடும்க்கா.”

அக்கா அவன் தலையைத் தடவினாள். அழுது வீங்கிய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “மறக்காது. அழாத. உங்கிட்ட சொல்லாம வெச்சிருந்தேன். கழுவி, பெருசா பிரின்ட் போட்டு, திடீர்னு காட்டலாம்னு. அம்மா ஒத்துக்கிட்டாங்கடா. போன புதன்கிழமை எடுத்தேன். அந்தச் சுருள்லதான் இருக்கு.”

நட்டு அவளைக் கட்டிக்கொண்டான். அம்மா போனதிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனுக்கு மூச்சு சரியாக வந்தது. எழுந்து முகம் கழுவப் போனான். கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

புதன்கிழமை அக்கா எடுத்திருக்கிறாள். எடுத்த பிறகு அவள் சுற்ற மாட்டாள், வளையத்தைத்தான் மாட்டுவாள். அந்த வளையம் அம்மாவின் பின்னலில் இருந்தது. அப்படியென்றால் குமிழிலிருந்து அம்மா கழற்றியிருக்கிறாள், தலைமுடிக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறவள்தானே. வியாழக்கிழமை வளையம் இல்லை என்று நம்பி அவன் எடுத்திருக்கிறான். வெள்ளைச் சுவர், முழு வெயில். அம்மாவின் முகத்துக்கு மேலேயே அந்த வெள்ளைச் சுவரை எடுத்துத் தொலைத்திருக்கிறான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் கொடுத்த ஒரே முகத்தில், கயிற்றில் தொங்கிக்கொண்டு இரண்டு பேர் வெள்ளையடித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போதே வெளியே வந்து, “அக்கா, அம்மா படம் எத்தனாவது?” என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஒரு பைசா செலவு இல்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள். சொல்ல வேண்டியிருக்கும். மீன்காரர் தலையில் கூடை உட்கார்ந்ததற்கு மூன்று வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் அவன். அடுத்தவர் எடுத்ததைக் கெடுத்தாயே என்று ஊர் கூடக் கத்தியவன் அவன். அந்த வாயைத் திறந்து இதை எப்படிச் சொல்வது?

அக்கா ஞாயிற்றுக்கிழமை கழுவலாம் என்றாள். மிச்சம் இருக்கிற படங்களை எடுக்க அவளுக்கு மனசில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், “அம்மா படம் இருக்கு, அடுத்த வாரம் வந்து பாருங்க.” படத்துக்குக் கடையில் ஃப்ரேம்கூடச் சொல்லி வைத்துவிட்டாள். அதைக் கேட்கக் கேட்க நட்டுவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா போன துக்கம் என்று அக்கா நினைத்தாள். அதுவும் இருந்ததுதான்.

சனிக்கிழமை, “மிச்சத்தச் சுத்தி நானே சுருளை எடுத்துத் தரேன், ஷட்டர் கொஞ்சம் பிடிக்குது, அப்படியே பாத்துடறேன்” என்று கேமராவை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனான். பதினோரு மாடிக் கட்டிடம் ஒன்றின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறை. கீழே யாரோ பொத்தானை அமுக்கும்போதெல்லாம் சக்கரம் சுற்றிக் கயிறு ஓடியது. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தான். சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தான். ஒன்பது. அப்படியென்றால் அவன் எடுத்தது எட்டு. அம்மாவும் அதே எட்டா? இருக்காதோ? போனைக் கையில் எடுத்தான். அக்காவின் பெயர்வரைக்கும் போனான். வைத்துவிட்டான்.

அந்தப் படம் கழுவி வந்தால் அக்கா அதைத் தினமும் பார்த்து அழுவாள். எல்லாமே கறுப்பாகப் போய்விட்டால் அது யார் தப்பும் இல்லை, ஏதோ வெளிச்சம் பட்டுவிட்டது என்று போய்விடும், ஆறிவிடும். அக்காவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டான். பொய். தனக்காகத்தான். பாவி, அது அவனுக்கே தெரிந்திருந்தது.

கதவைத் திறந்து மாடியில் வெயிலுக்கு வந்தான். கேமராவின் முதுகைத் திறந்தான். இறுக்கமாகச் சுற்றியிருந்த ஃபிலிமை அதன் காகிதத்திலிருந்து பிரித்து, முழு நீளத்துக்கும் இழுத்து, இரண்டு கையாலும் வெயிலில் பிடித்தான். வெளிறிய ஊதா நிறத்தில் வழவழவென்று இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு காகிதத்தோடு சேர்த்துத் திரும்ப இறுக்கிச் சுற்றி, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினான். மெக்கானிக் கை, பிரித்த அடையாளமே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா குளித்துவிட்டுத்தான் குளியலறை விளக்கை அணைத்தாள். மருந்தை அளந்தது, ஃபிலிம் டப்பாவைத் தட்டியது, ஆட்டியது எல்லாம் வெளியே நின்று நட்டு கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் விட்டுக் கழுவுகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. அவன் கதவைத் தட்டினான். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்து தொங்கிய ஃபிலிம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கரியாக இருந்தது.

“துண்டைச் சரியா வைக்கலடா. நடுவுல காலு இடறி துண்டு நகந்துடுச்சு போல. கவனிக்காம விட்டுட்டேனே!” தலையில் அடித்துக்கொண்டாள். “நான் கொன்னுட்டேன்டா. இன்னொரு தடவ அம்மாவ நான் கொன்னுட்டேன்.”

இப்படி ஆகும் என்று அவன் நினைக்கவே இல்லை. யார் தப்பும் இல்லை என்று போய்விடும் என்றுதான் நினைத்தான். அக்காவைத் தெரிந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. “விடுக்கா, வெளிச்சம் எங்கேந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்” என்றான்.

அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். சொல்லி வைத்த ஃப்ரேமை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். படம் பார்க்க வந்தவர்களிடம், “நான்தான் கெடுத்துட்டேன்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஏதோ கடமைபோலச் சொன்னாள். வந்தவர்கள் ஆறுதல் சொன்னால் இன்னும் மோசமாக அழுதாள். கேமராவை ஒரு பழைய துணியில் சுற்றி அலமாரி மேல் ஏற்றிவிட்டாள். கடையில் ஒரு லென்ஸை அளவு தப்பாகத் தேய்த்துவிட்டாள் என்று முதலாளி போன் செய்தார், இருபது வருஷத்தில் முதல் முறை. அவள் தட்டில் போட்ட சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துக்கொண்டு நட்டு எதிரில் உட்கார்ந்திருப்பான். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பான், சாயங்காலம் வரும்.

மூன்றாவது வாரம், லிஃப்ட் கதவுக்குப் போடுகிற ரப்பர் பட்டை கொஞ்சம் கொண்டுவந்து குளியலறைக் கதவடியில் வைத்துப் பொருத்த ஆரம்பித்தான். ஒரு நூல் வெளிச்சம்கூட வராதபடி. ஏன் செய்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அக்கா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

“இனிமே எதுக்குடா இது?”

“கெடக்கட்டும்க்கா.”

அவள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவன் திருகாணி முடுக்குவதையே பார்த்தாள். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள்.

“எப்படி ஒத்துக்கிட்டாங்க தெரியுமா? நான் ஜன்னல் கம்பியத்தான் எடுக்கப் பாத்துக்கிட்டிருந்தேன். பின்னாடி வந்து நின்னு, ‘என்னடி, குனிஞ்ச தலை நிமிராம நிக்கிற’ன்னாங்க. இதுல இப்படித்தாம்மா பாக்கணும்னேன். ‘அப்போ எடுக்கறப்ப என் மூஞ்சிய நேரா பாக்க மாட்டியா?’ன்னாங்க. மாட்டேம்மா, இந்தக் கண்ணாடியத்தான் பாப்பேன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. ‘சரி, ஒண்ணே ஒண்ணு. நிமிந்து பாத்தியோ, எந்திரிச்சுப் போயிடுவேன்’னாங்க. நான் நிமிரவே இல்லடா. கையை எடுத்தாங்க. வாயிலேர்ந்து கையை எடுத்துட்டு சிரிச்சாங்க.”

நட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

“அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேனேடா,” என்றாள் அக்கா. “எடுத்த உடனே சுத்திட்டேன் பாத்துக்கோ. நானு! பொறந்ததுலேர்ந்து முதல் தடவையா உன் வழிக்கு வந்தேன். அம்மா படமாச்சே, நீ பாக்காம மேல எதையாவது எடுத்துடுவியோன்னு பயம். ஏழுல எடுத்தேன், எட்டுக்குச் சுத்தி வெச்சேன். வளையம் சும்மாதானே கெடந்துது, பின்னலுக்குக் குடுடீன்னு அம்மா கேட்டாங்க, கொடுத்துட்டேன். அத்தனையும் பண்ணிட்டு, ஒரு துண்டை ஒழுங்கா வைக்கத் தெரியல எனக்கு.”

ஏழு, அம்மா. எட்டு, வெள்ளைச் சுவர். ஒன்பது, மாடியில் அவன் கண்ணால் பார்த்த எண். அம்மாவின் முகத்தின் மேல் எதுவுமே விழுந்திருக்கவில்லை. மோட்டார் அறையில் அவன் மடியில் அது முழுசாக, பத்திரமாக இருந்திருக்கிறது.

“அக்கா,” என்றான். குரல் அவனுடையதுபோல் இல்லை. “துண்டு இல்லக்கா. கதவும் இல்ல. நான்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். நர்ஸ் கொடுத்த பை, வளையம், வெள்ளையடித்தவர்கள், மொட்டை மாடி, வெயில். நடுவில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று தரையைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று சொல்லி முடித்தான். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

“எத்தனாவது படம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா,” என்றாள் கடைசியில்.

“பயமா இருந்துச்சுக்கா.”

“யாருக்குப் பயந்தே? எனக்கா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

“நான் உன்னை என்னடா பண்ணியிருப்பேன்? மிஞ்சிப் போனா ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். நீ என்னை மூணு வாரம் விட்டியேடா, நான்தான் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?”

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அக்கா மெதுவாக, ஒரு சின்னப் பெண் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“வெயில்ல இழுத்துப் பாத்தியே... அப்போ அம்மா தெரிஞ்சாங்களாடா?”

ஆறு வருஷமாக ஃபிலிம் கழுவுகிறவள். மருந்தில் நனையாத ஃபிலிமில் யார் முகமும் தெரியாது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்டாள், கேட்டுவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட அவனுக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது.

“இல்லக்கா. ஒண்ணுமே தெரியல.”

அவள் மெல்லத் தலையாட்டினாள். “அப்போ அதை நான் ஒருத்திதான் பாத்திருக்கேன்.”

நட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். “எப்படிக்கா இருந்துச்சு?” என்று கேட்டான்.

“கன்னத்துல...” என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். கையை உயர்த்தி ஏதோ காட்டப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான். அவளால் சொல்ல முடியவில்லை.